பன் வைத்து அடைத்த மடை

இன்று ஞாயிறு. மாதா கோயில் மணி அடித்தபோது நான் பூசையில் இல்லை. வயலில், மடையடிச் சேற்றில் நின்றேன். இதை எழுதும்போதும் கையில் நனைந்த பன் புல்லின் வாடை இருக்கிறது. இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. இந்த வாடை எனக்கு உன்னைத்தான் ஞாபகப்படுத்தும். நல்ல ஞாபகம் என்று நினைத்துவிடாதே.

ஆறு வருடத்துக்கு முந்திய கோடைச் சிறுபோகம். ஒரே வாய்க்காலில் முதலில் என் வயல், அடுத்தது உன்னுடையது, அதற்குக் கீழே காசிம் காக்காவுடையது. குளத்தில் தண்ணீர் குறைந்து, தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை ஆளுக்கொரு நாள் முறை வைத்திருந்தார். எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. பயிர் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. அந்த ஒரு தண்ணீர் தவறினால் நெல் இல்லை, பதர்தான். பூசையில் வாசகம் வாசிப்பதும் அன்று நான்தான். தயங்கி நின்ற என்னைப் பார்த்து நீயாகத்தான் சொன்னாய்.

“நீ போ மச்சான். மடையை நான் பாத்துக்கொள்றன். உன்ட வயல் வேற, என்ட வயல் வேறயா?”

பூசை முடிந்து வந்தபோது என் மடை அடைபட்டிருந்தது. தண்ணீர் காசிம் காக்காவின் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சேறும் புல்லும் வைத்து மடை அடைப்போம். காசிம் காக்கா மட்டும் பன்னைத் தலையணைபோலச் சுருட்டிக் கட்டி வைப்பார். அவர் மனைவி பன்பாய் இழைப்பவர். மிஞ்சிய பன் அவர் வீட்டில் எப்போதும் கிடக்கும். என் மடையில் இருந்ததும் அப்படியொரு பன் சுருள்.

தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னாய். “ஆர்ட வேலை எண்டு நான் சொல்லத் தேவையில்ல” என்று பன்னைக் காலால் தட்டிக் காட்டினாய். உன் வயலும் நனைந்திருந்தது. கசிவுத் தண்ணீர் என்றாய். நம்பினேன். என்னைப்போல ஒரு மோடன் உனக்கு வேறெங்கே கிடைப்பான்?

காசிம் காக்காவை வரம்பில் வைத்து, ஆட்கள் பார்க்க, கள்ளன் என்றேன். “தம்பி, நான் வைக்கல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்” என்றார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விதானையிடம் முறைப்பாடு சொல்லி அவருடைய அடுத்த முறையை வெட்டுவித்தேன். அந்தப் போகம் எனக்கும் பதர், அவருக்கும் பதர். உன் வயல்தான் கதிர் சாய்ந்து நின்றது.

அதன் பிறகு ஐந்து வருடம் பூசையில் என் பக்கத்தில் நின்றாய். பாவத்தைப் பொறுக்கும்படி மன்றாடும் இடத்தில் உன் குரல்தான் ஓங்கிக் கேட்கும். பக்தி என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் நெஞ்சு நோயில் படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்.

“அந்த மடையை நான்தான் அடைச்சன் மச்சான். அடுத்த கிழமையே சுவாமியிட்ட பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். ஆண்டவர் மன்னிச்சிட்டார். நீ மனசில வைக்காத.”

காய்ந்தது ஆண்டவருடைய வயலா? கேட்காமலே எழும்பி வந்துவிட்டேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய். தண்ணீரை எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். உன் வயல் நிறைந்ததும் மிச்சத்தை அவர் பக்கம் விட்டு, அவருடைய சுருளைப் பார்த்துப் பார்த்து அப்படியே சுருட்டி வைத்தாயே, அதுதான் இன்னும் எரிகிறது. ஒரு நல்ல மனிதரை என் வாயாலேயே கள்ளனாக்கிவிட்டாய்.

உன்னை அடக்கம் பண்ணிய மறுநாள் காசிம் காக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பன் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து காய்ந்த பன்னைப் புரட்டிப் போட்டார்.

“இவ்வளவு காலமும் உன்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலாம இருந்திச்சு தம்பி. இப்ப நீயே வந்து சொல்லிட்டாய். நான் உட்டுட்டன். இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அழுதுவிட்டேன். கோயிலில் எத்தனையோ தரம் கேட்ட மன்னிப்பு அன்றைக்குத்தான் என் மேல் பட்டது. பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சுவாமி ஒன்றுதான் கேட்டார். “உனக்குக் கிடைச்சத நீ ஆருக்குக் குடுக்கப் போறாய்?” உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் போகமும் தண்ணீர்த் தட்டுப்பாடு. உன் வயலை உன் மனைவிதான் செய்கிறாள். நேற்று வரம்பில் வந்து நின்றாள்.

“அண்ணன், பயிர் குடலையில வாடுது. எங்கட முறைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு. ஒரு மணித்தியாலம் தருவீங்களா?”

நீ செய்தது அவளுக்குத் தெரியாது. சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “காலையில பாப்பம் தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன்.

இன்று விடிந்ததும் காசிம் காக்காவிடம் பன் கேட்டேன். எதற்கென்று விசாரித்துவிட்டு, அவரே சுருட்டிக் கட்டித் தந்தார். என் முறைத் தண்ணீர் என் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுருளை வைத்து என் மடையை நானே அடைத்தேன். தண்ணீர் திரும்பி உன் வயலுக்குள் இறங்கியது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதிவிட்டு காசிம் காக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் ஒரு மணித்தியாலம் கேட்டவளுக்கு மத்தியானம் வரைக்கும் விட்டேன். அதுவரைக்கும் அந்த மடையை விட்டு அசையவில்லை. அன்றைக்கு நீ நிற்பதாகச் சொன்ன இடத்தில்தான் நின்றேன்.