மங்கலானதற்குப் புள்ளி இல்லை

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று தொடங்க வேண்டும் என்கிறார் எழுத்துச் சொல்லித்தரும் டீச்சரம்மா. நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இதற்குள் டீ ஆறிவிட்டது, முப்பது வருடம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கைக்குப் பென்சில் பிடித்தால் வேர்க்கிறது, ஆனாலும் ‘ழு’ எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பார், அதை மட்டும் நாலு தடவை அழித்து எழுதினேன்.

நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. எலி மூளையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் எடுத்தது என்றாய், எனக்கு ஈரச் சுவரில் சாயம் தெறித்த மாதிரி இருந்தது. ஓரம் தெளிவாகத் தெரிகிற செல்லுக்கு மட்டும் பேனாவால் புள்ளி வை, மங்கலானதை விட்டுவிடு, ஏழாம் நம்பர் படம்தான் மருந்து கொடுத்த எலி, அதில் செல் கூடுதலாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று போனில் சொன்னாய் அல்லவா, நானும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எண்ணினேன். ஏழில் நாற்பத்தொன்று, மற்றதில் இருபத்தாறு. மருந்துக்கடைக்காரரிடம் போய், என் மகள் மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள், அலமாரியில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்று பீற்றிக்கொண்டும் வந்தேன். உனக்குப் போன் செய்தால் நீ சிரிக்கவில்லை. “அப்பா, நான் மாத்திச் சொல்லிட்டேன்பா. ஏழு வெறும் தண்ணி குடுத்த எலி” என்றாய். திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஏழில் மங்கலானதற்கெல்லாம் புள்ளி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை சின்னு, கை தானாகப் போயிருக்கிறது. சரியாக எண்ணினால் ஒன்றில் இருபத்தேழு, ஒன்றில் இருபத்தாறு.

மூன்று வருட வேலையில் மருந்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை என்று போன ஞாயிறு அழுதாய். மருந்து கொடுத்த எலிக்கு மட்டும் மங்கலானதையும் சேர்த்தால் மருந்து வேலை செய்கிற மாதிரி வருகிறது, சேர்த்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டாய். அம்மாவுக்காகத்தான் கேட்கிறாய், தெரியும். வேண்டாம் கண்ணு. காரை உதிர்கிற சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் வீட்டுக்காரரை ஏமாற்றலாம், மழையை முடியாது. யார் வீட்டு அம்மாவோ அதை நம்பி விழுங்குவாள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவள் என்னை அடையாளம் கண்ட நாளுக்கெல்லாம் காலண்டரில் புள்ளி வைக்கிறேன், போன மாதம் பதினான்கு என்று உனக்குச் சொன்னேன். உன் போனை வைத்ததும் அதையும் உன் முறைப்படி எண்ணிப் பார்த்தேன். தலையாட்டியது, சும்மா சிரித்தது எல்லாம் கழித்தால் இரண்டு. இந்த மாதம் ஒன்றும் இல்லை. இனி வரும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, எண்ணும்போது நடுநடுவே எழுந்து நட. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா எட்டிப் பார்த்து, “யாருக்கு எழுதுறீங்க?” என்றாள். நம் பெண்ணுக்கு என்றேன். காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அவ சாப்பிட்டாளா?” என்று கேட்டாள். தெரிந்து கேட்டாளா, சும்மா கேட்டாளா, தெரியவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றேன். புள்ளி வைக்கவில்லை.

இப்படிக்கு,
முதல் தடவையாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா