கட்டத்தில் உட்காராத பம்பை

ஜூன் 18, செவ்வாய்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற டேவிட் லேப்டாப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பழைய கம்ப்யூட்டர் இனி எழுந்திருக்காதாம். அதிலிருந்த என் வீட்டுக்காரர் பாட்டையெல்லாம் இதில் ஏற்றியிருக்கிறான். குரலையும் பம்பையையும் ஒன்றாகப் பாட்டு சேர்க்கிற புரோகிராம் மட்டும் வேறு. "பழசு இதுல ஓடாதுக்கா. போகப்போக பழகிடும்."

பழையதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தா அழுத்தினேன்? இவர் பம்பையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கண்ணைக் காட்டுவார். பதிவாக சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். இதில் சிவப்பு எங்கே?

ஜூன் 20

தேடினேன். இல்லை.

ஜூன் 27, வியாழன்

இருந்தது. அடியில், ஓரமாக.

இவர் அடித்த பம்பை திரையில் மேடு மேடாகப் போகிறது, வெயில் சாயும்போது நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துச் சயனைடு மண்மேடு தெரிகிற மாதிரி. சத்தமே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேட்டுக்குப் பின்னால் இவர் நடந்து போய்க்கொண்டிருக்கிறார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் தெரிவார் என்று இருந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் சுரங்க லைன் வீடுகளின் அம்மன் பாட்டை வருஷா வருஷம் இவர்தான் செய்வார். இந்த வருஷத்துக்கு மார்கழியிலேயே பம்பை அடித்துப் பதிந்து வைத்தார். தையில் போய்விட்டார்.

இவர் அண்ணன் ராஜேந்திரன் நேற்று வந்து பாடிக் கொடுத்தார். "நீ சேத்துக் குடுத்தா தம்பி அடி கேக்கும்மா. இல்லன்னா பெங்களூர் பாட்டுதான் போடுவானுங்க."

சாவு வீடு. ஒரு வருஷம் நான் கோயில் பக்கம் போகக்கூடாது. பம்பை போகலாம்.

ஜூலை 14

இதில் ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் முன்னே பின்னே விழுந்த அடியெல்லாம் கட்டத்துக்குள் நேராகப் போய் உட்காருகிறது. எவ்வளவு அழகு! பாட்டு சேர்த்து முடித்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

பக்கத்து வீட்டுச் சம்பங்கியைக் கேட்க வைத்தேன். இவர் பம்பைக்கு முதலில் அருள் வருவது அவளுக்குத்தான். டீயைக் குடித்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டாள்.

"இன்னாடி, கல்லு மாதிரி ஒக்காந்துகினு கீற?"

"நான் இன்னாக்கா பண்றது? ஆத்தா வர வழி வுட்டாதானே வருவா? ஸ்கூல் பசங்க டிரில் மாதிரி கீது. இது மனோகர் அண்ணன் கையே இல்ல."

இன்னா பண்ணிட்டேன் நான்? அவர் கைய நானே அழிச்சிட்டனா? பழசுல திரும்பிப் போற பொத்தான் தெரியும், இதுல எங்க கீதோ — சேவ் வேற பண்ணித் தொலைச்சேனே —

ஜூலை 17

டேவிட் போனில் சிரித்தான். "அழியாதுக்கா. ஒரிஜினல் அப்படியே கீழ இருக்கும்." எங்கே தட்டுவது என்று சொன்னான்.

தட்டினேன். மேடுகள் தூக்கம் கலைந்த மாதிரி அசைந்து, அதனதன் இடத்துக்குப் போயின. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. இவர்தான். கட்டம் போட்ட கோடுகளையே திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். சாவு வீட்டு முன்னால் ஊர்வலம் நிற்காது, தெரியும். ஸ்பீக்கரில் இவர் பம்பை முதலில் தூரத்தில் கேட்டது, அப்புறம் சுவருக்குள், அப்புறம் என் வயிற்றுக்குள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரே கூச்சல்.

"சம்பங்கியப் புடிங்கடி! வுழுந்துடப் போறா!"

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸிலிருந்து காத்தவராயன் என்று ஒருவர் வந்து வாசலில் நின்றார். அவர்கள் கோயிலுக்கும் பாட்டு வேண்டுமாம், பம்பைக்காரரை அவர்களே கூட்டி வருவார்களாம்.

"பாட்டு சேக்கறவரு இருக்காராம்மா?"

"நான்தாங்க" என்றேன். சாவு வீடு என்றும் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.