ஜிம்மியை யாரிடம் விடுவது

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். மூன்று நாளாகத் துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

பதினோரு மணிக்குத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒன்பதாம் தேதி அட்மிஷன். பத்தாம் தேதி ஆபரேஷன். என் மனைவி வடிவின் தலைக்குள் இருக்கும் கட்டிதான் அவள் வலது கையை முடக்குகிறது. தள்ளிப்போட்டால் பேச்சும் போகலாம் என்று போன தடவையே சொன்னார்கள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போதோ.

செய்ய வேண்டியவை:
1. ஆபீஸில் லீவு லெட்டர். ஒரு மாதம்.
2. ஸ்கேன் ஃபைல், ஆதார், இன்சூரன்ஸ் கார்டு.
3. மைத்துனன் சங்கரனிடம் கார் சொல்ல.
4. ஜிம்மி.

மூன்று வேலை மதியத்துக்குள் முடிந்தது. நான்காவது முடிகிற மாதிரி இல்லை. ஒன்பது வயது நாய், போன வருஷத்திலிருந்து சுகர். காலை ஏழு, மாலை ஏழு. சாப்பிட்ட பிறகு ஆறு யூனிட் இன்சுலின். சாப்பிடாமல் ஊசி போட்டால் மயங்கிவிடும். ஊசி போடாமலே விட்டால் சில நாளில் முடிந்துவிடும். இதுவரை வடிவுதான் போட்டாள். கை விழுந்ததிலிருந்து நான். முதல் நாள் என் விரலிலேயே குத்திக்கொண்டேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் கையிலும் அது ஒரு வாய் தின்றதில்லை.

பக்கத்து வீட்டில் கேட்டேன். "அண்ணாச்சி, சோறுன்னா போடுவேன். ஊசின்னா எனக்கே மயக்கம் வந்துரும்." திருநெல்வேலியில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங். சுகர் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். குற்றாலத்தில் ஒன்று. சீசன், இடமில்லை.

வடிவு சொல்லிவிட்டாள். "ஜிம்மிக்கு ஒரு எடம் பாக்காம நான் கார்ல ஏற மாட்டேன். அவள அனாதையா விட்டுட்டு எனக்கு என்ன ஆபரேஷன்?"

சும்மா சொல்கிறவள் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் குற்றாலத்துக்கே போய்விட்டேன். ஸ்கூட்டரில், மழைக்கோட்டோடு. அருவிக்கரை ரோடு முழுக்க வெளியூர்க் கார்.

போர்டிங் இலஞ்சி போகிற வழியில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை, எட்டுக் கூண்டு. எட்டிலும் சுற்றுலா வந்தவர்களின் நாய்கள். லாட்ஜில் சேர்ப்பதில்லையாம். நடத்துகிற பெண் சுஜா. செங்கோட்டைக்காரி, நாற்பது வயசு இருக்கும். பேச்சில் பாதி மலையாளம், நாய் அவளுக்குப் பட்டி.

"சுகர் உள்ள பட்டிய நான் எடுக்கிறதில்ல சாரே. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க என்னையாக்கும் கேப்பீங்க."

கேட்கமாட்டேன் என்றேன். எழுதித் தருகிறேன் என்றேன். கடைசியில் வடிவைப் பற்றிச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒரு கோல்டன் ரெட்ரீவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுஜா கை கழுவிவிட்டு வந்தாள். "ஞாயித்துக்கிழமை கொண்டுவாங்க. என் கையால சாப்பிடணும். ஊசி போட விடணும். ரெண்டும் நடந்தா எடுக்கேன். எங்க வீட்டு ரூம்லயே வச்சுக்கிடுதேன்."

கொண்டுவரச் சொன்னது: தடுப்பூசிப் புத்தகம், படுக்கிற சாக்கு, சாப்பாட்டுத் தட்டு, துவைக்காத சேலை ஒன்று (வடிவு கட்டினது), இன்சுலின் ஐஸ் டப்பாவில்.

வடிவு சேலையை அவிழ்த்துத் தந்தாள். இடது கையாலேயே மடித்தாள். உதவப் போனேன், "விடுங்க."

ஜூலை 5, சனி

தடுப்பூசி போட்டாயிற்று. மாட்டாஸ்பத்திரியில் அரை மணி.

சங்கரன் வந்தான். வடிவின் தம்பி, கடையத்தில் விவசாயம். செவ்வாய்க்கிழமை அவன்தான் கார் ஓட்டுகிறான். அவனை விட்டு ஜிம்மிக்கு முட்டைச் சோறு கொடுக்கச் சொன்னோம். தலையைத் திருப்பிக்கொண்டது. தட்டை வடிவு பக்கமாக மூக்கால் தள்ளியது. இடது கையால் அவள் ஊட்டினாள். முழுவதும் தின்றது.

வாசலில் வைத்து சங்கரன் மெதுவாக, "அத்தான், தப்பா நெனைக்காதிய. டாக்டர்ட்ட சொல்லி ஊசி போட்டு அத ஒரேயடியாத் தூங்க வச்சிருவோம். அக்காட்ட போர்டிங்ல விட்டாச்சுன்னு சொல்லிக்கிடுவோம். அக்கா உசுரு முக்கியமா, இது முக்கியமா?"

போடா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தோற்றுப்போனேன்.

ஆட்டோவில் கொண்டுபோனோம், நானும் ஜிம்மியும். சுஜா தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாள், கொஞ்சினாள். கோழிச் சோறு, தயிர்ச் சோறு. எதையும் தொடவில்லை. நான் பக்கத்தில் நின்று "தின்னுட்டி, தின்னுட்டி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். பழக்கிப் பார்ப்போம் என்று ஊசி இல்லாத சிரிஞ்சை முதுகில் வைத்தாள். திரும்பிக் கடித்துவிட்டது. மணிக்கட்டில் இரண்டு பல். ரத்தம்.

"பொறுத்துக்கிடுங்க சாரே. என்னால ஆகாது."

மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, டீக்கடை ஓரமாக நின்று, மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தேன். நானேதான். வாயைத் திறந்து கேட்டேன். அவர் ஆபரேஷன் தேதியைக் கேட்டார். பிறகு, "வேற வழியே இல்லன்னா காலைல எட்டு மணிக்கு வாங்க."

ஜிம்மி ஆட்டோ சீட்டில் உட்கார்ந்து நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து வடிவிடம், "சுஜா ஒத்துக்கிட்டா. நாளைக்கே விட்டுறலாம்" என்றேன். வடிவு சாமி படத்தைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்று தோசை சாப்பிட்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவளிடம் சொன்ன பெரிய பொய் இதுதான்.

ஜூலை 7, திங்கள்

வடிவு வாசல் வரை வந்தாள். ஜிம்மி நெற்றியில் திருநீறு பூசினாள். "போயிட்டு வாட்டி. சுஜாக்கா சொன்னபடி கேளு." அது ஆட்டோவில் தாவி ஏறியது. ஊர் சுற்றப் போவதாக நினைப்பு.

எட்டு மணி. டாக்டர் ஒரு தாளை நீட்டினார். காரணம் என்று ஒரு கோடு. "நோயை எழுதி, கையெழுத்துப் போடுங்க."

என்ன எழுத? சுகர் தீராத நோய்தான். எனக்கும் இருக்கிறது. மாத்திரை தின்றுகொண்டு ஆபீஸ் போய் வருகிறேன்.

பேனாவைப் பிடித்தபடி நின்றேன். ஜிம்மி மேஜைக்கடியில் என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டர் வாங்கி இரண்டாகக் கிழித்தார். "சந்தோசம்" என்றார்.

அதே ஆட்டோவில் குற்றாலம். சுஜா கையில் கட்டு. கேட்டுக்கு வெளியே, ஈரத்தில், சாக்கையும் தட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயசு ஆள், தாலுகா ஆபீஸ் கிளார்க். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுஜா வந்து நின்றாள்.

"நேத்து நீங்க நடுங்கிட்டு நின்னீங்க. அதப் பாத்துதான் அது பயந்துச்சு. இன்னைக்கு விட்டுட்டுப் போயிருங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. நான் கூப்பிடுத வரைக்கும் போன் பண்ணவும் கூடாது, கேட்டோ?"

கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். நடந்தேன். பின்னால் குரைப்பு, பிறகு ஊளை. இலஞ்சி விலக்கு வரை கேட்டது. அல்லது கேட்கிற மாதிரி இருந்தது.

மாலை ஏழே கால், போன். "சாப்பிடல சாரே. ஊசி போடல. டாக்டர்ட்ட கேட்டாச்சு. காலைல பாப்போம்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடித்தது, டாக்டருக்குப் போன் செய்தது, கையெழுத்துப் போடப் போனது. திட்டுவாள், அழுவாள், வரமாட்டேன் என்பாள். எதற்கும் தயாராக இருந்தேன்.

"தனியாவா போனிய?" என்றாள். "ஆமா."

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லா."

வருகிறாளா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆறரைக்குக் கார். கூப்பிடுவதற்கு முன்பே வடிவு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு.

இலஞ்சி விலக்கு வந்ததும் சங்கரன் வேகத்தைக் குறைத்தான். "அக்கா, எட்டிப் பாத்துட்டுப் போவமா?"

"நிறுத்தாத. என்னப் பாத்தா அவ அந்தப் பிள்ளைட்ட தின்ன மாட்டா. போ." கண்ணை மூடிக்கொண்டாள். செங்கோட்டை தாண்டியும் திறக்கவில்லை.

புளியரை செக்போஸ்ட். லாரி வரிசை. இருபது நிமிஷம் நகரவில்லை. அங்கேதான் போன் வந்தது. இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

"சாரே, சாப்பிட்டுச்சு. பாதி மீன் சோறு. தட்டுல வச்சப்ப இல்ல, சேலைய விரிச்சு அதுமேல வச்சப்ப. ஊசி போட்டாச்சு. உறுமிச்சு, கடிக்கல."

வீடியோவும் அனுப்பினாள். கட்டுப்போட்ட கையை ஜிம்மி நக்குகிறது. வடிவு மூன்று தடவை பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"என்னக்கா, அதான் தின்னுட்டுல்லா?" சங்கரன்.

"ஒன் வேலையப் பாருல."

ஜூலை 10, வியாழன்

காலை எட்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மொட்டைத் தலையில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். கதவு வரை நான். அதற்குமேல் சிவப்புக் கோடு.

10.15. ஒன்றும் தெரியவில்லை.
12.00. இல்லை. சங்கரன் டீ வாங்கி வந்தான். ஆறிப்போயிற்று.
1.40. இல்லை. ரத்தம் வேண்டும் என்று ஒரு சீட்டு. சங்கரன் ஓடினான்.
2.50. டாக்டர். பெரும்பகுதியை எடுத்துவிட்டோம். கொஞ்சம் நரம்போடு ஒட்டியிருக்கிறது, மருந்தில் பார்க்கலாம். கையைப் பற்றி இப்போது சொல்ல முடியாது.

சாயங்காலம் ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்தேன்.

"ஜிம்மி?"

"தின்னுட்டா. ஊசியும் போட்டாச்சு."

"பொய் சொல்லாதிய."

நர்ஸிடம் கெஞ்சி, சுஜாவுக்குப் போன் போட்டு, வடிவின் காதருகே பிடித்தேன். சுஜா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வடிவு கேட்டாள். பேச்சு முடிந்த பிறகும் போனை எடுக்க விடவில்லை. பிடித்துக்கொண்டாள். வலது கையால்.