கொழுந்தனார் மாற்றிய கியர்பாக்ஸ்

அனுப்புநர்:
பள்ளி வேன் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வாகன உரிமப் பிரிவு.

பொருள்: கியர்பாக்ஸ் மாற்றியபின் வேகமானி குறைத்துக் காட்டுவது – என் வேனையும் பட்டறைக்காரரின் வேனையும் ஆய்வு செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாற்பதுக்குள் செல்ல வேண்டிய பள்ளிச் சாலையில் பதினொரு பிள்ளைகளுடன் ஐம்பத்து நான்கில் சென்றேன் என்கிறது தங்கள் அறிவிப்பு. சென்றேன், மறுக்கவில்லை. ஆனால் என் கண்முன் முள் முப்பத்தொன்பதில்தான் நின்றது.

2. சென்ற மாதம் கியர்பாக்ஸில் எண்ணெய் கசிந்தது. பட்டறை வைத்திருப்பவர் என் கணவரின் தம்பி. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. "உள்ள பல்லெல்லாம் போச்சு அண்ணி, பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று சொல்லி வேறொன்றை மாட்டினார். அன்றிலிருந்து மூன்றாவது கியர் உறுமிக்கொண்டுதான் விழுகிறது. மேட்டில் தானாகக் கழன்றும்விடுகிறது. முறையிட்டேன். "கியர்பாக்ஸ் தங்கம். உங்க கால்தான் கிளட்ச்ச மறந்துடுச்சு" என்று சிரித்தார். கற்றுக்கொடுத்தவரே சொல்கிறாரே என்று மூன்று வாரம் என் காலையே சந்தேகப்பட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுகூட ஓட்டிப் பார்த்தேன்.

3. தங்கள் அறிவிப்பு வந்தபின், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் என் அக்காவை அருகில் உட்காரவைத்து, கைபேசி காட்டும் வேகத்தைப் படிக்கச் சொன்னேன். வேகமானியில் இருபது என்றால் கைபேசியில் இருபத்தெட்டு. முப்பது என்றால் நாற்பத்திரண்டு. வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். இது வேறு மாடல் வண்டியின் கியர்பாக்ஸ், வேகமானியைச் சுழற்றும் பல்சக்கரம் என் வண்டிக்குப் பொருந்தாது, மூன்றாவது கியரும் தேய்ந்தது என எழுதிக் கொடுத்துள்ளார்.

4. எண்ணெய் மாற்றும்போதெல்லாம், எண்ணெய் வடிக்கும் அடித்திருகு தளர்கிறதா என்று அறிய, திருகிலிருந்து கியர்பாக்ஸ் வரை நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவது என் வழக்கம். நியாயம் கேட்கப் பட்டறைக்குச் சென்றபோது, கொழுந்தனாரின் சொந்த வேன் உயரத் தூக்கப்பட்டிருந்தது. அதன் கியர்பாக்ஸின் அடியில் என் நகச்சாயக் கோடு இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

5. இன்று காலை, அவரிடமிருந்த மாற்றுச் சாவியைத் திரும்பக் கேட்டேன். "ஏன் அண்ணி, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றபடியே கொடுத்தார். அந்தக் கேள்விக்கு இம்மனுதான் பதில்.

எனவே, அவர் கியர்பாக்ஸை மறுபடி மாற்றிவிடுமுன் இரு வேன்களையும் ஆய்வு செய்யவும், அதுவரை என் உரிமத்தை ரத்து செய்யாதிருக்கவும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். ஆய்வு முடியும்வரை ஒரு பிள்ளையையும் ஏற்றமாட்டேன். வேனைத் தங்கள் அலுவலக வளாகத்திலேயே நிறுத்தியிருக்கிறேன்.

இணைப்பு: மெக்கானிக்கின் குறிப்பு, வேனின் இரு சாவிகள்.

நாள்: 12.03.2024
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
வேன் உரிமையாளர்