நான் மறைத்த காய்ச்சல்

சாய்ந்தமருது
11.02.2022

அன்பு மகன் பர்ஸானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், தங்கச்சி நதீராவும் பிள்ளையும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்க வேணும் என்று துஆச் செய்கிறேன். வாப்பாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பேனை போகுதில்லை மகன். போனில் கதைத்தால் அவர் பக்கத்திலேயே குந்தியிருப்பார், அதனால்தான் கட்டாருக்கு வரும் அடுத்த வீட்டு றிஸ்வானிடம் கருவாட்டுப் பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வருஷம் ஜனவரியில் வாப்பாவுக்குச் சும்மா தடிமன் காய்ச்சல் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். எட்டு நாள் காய்ச்சல், மணமும் ருசியும் இல்லை, மூச்சு இழுத்தது. கொரோனாவில் மௌத்தான நம்மட ஆக்களின் மையித்துகளை, அடக்க விடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்தினா நான் மண்ணுக்கு வரமாட்டன், நெருப்புக்குத்தான் போவன், சத்தியம் பண்ணு என்று வாப்பா என் கையைப் பிடித்தார். பண்ணினேன். காய்ச்சல்காரரைத் தேடி வரும் சுகாதாரப் பரிசோதகர், அந்த பிஎச்ஐ ஐயா, கேற்றடியில் வந்து கேட்டபோது, வயல் காவலுக்குச் சாகாமம் போயிட்டார் என்றேன், உள்ளே அவர் இருமல் கேட்காமல் இருக்கத் தலையணையில் முகத்தை அமத்திக்கொண்டு கிடந்தார். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தேன். ஊருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று பத்தாம் நாளே கரைவலை இழுக்கப் போனார், நானும் தடுக்கவில்லை.

இப்போது காலிரண்டும் வீங்கி, தொழப் பள்ளிக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். ஸ்கேன் பார்த்த டொக்டர், இதயம் பாதிப் பலத்தில்தான் அடிக்குது, காலில் இரத்தமும் கட்டியிருக்கு என்றார். முன்னம் கொரோனா வந்ததா என்று கேட்டார், வாப்பா என் முகத்தைப் பார்த்தார், இல்லை என்றேன். பிறகு மருந்துத் துண்டை மறந்த மாதிரித் தனியத் திரும்பிப் போய் டொக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. அந்த நோய் நுரையீரலோட நிக்காது உம்மா, இதயத் தசையையும் தாக்கும், இரத்தக் குழாய்க்குள்ள இரத்தத்தை உறைய வைக்கும், இவருக்கும் அப்படி ஆகியிருக்கலாம், அப்பவே வந்திருந்தா பாரம் இழுக்க விட்டிருக்க மாட்டம் என்றார். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன், அவர் துண்டில் எழுதிக்கொண்டே இருந்தார். மருந்தை எண்ணிக் கொடுக்கிறேன், காலைத் தடவி விடுகிறேன், அதுக்கு மேல் என்னால் ஒன்றும் ஏலாது மகன். உனக்கும் அங்கே கொரோனா வந்ததுதானே, நெஞ்சு படபடத்தால் மறைக்காமல் டொக்டரிடம் போ.

வாப்பாவிடம் டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை, எந்த வாயால் சொல்வது. எரிக்கிறது நின்று ஒரு வருஷமாகப் போகுது. வருகிற போகிற ஆக்களிடமெல்லாம், சபூறா இல்லாட்டி என்னைச் சாம்பலாக்கியிருப்பாங்க, அவதான் காப்பாத்தினவ என்று சொல்கிறார், நான் தேத்தண்ணி ஊத்தப் போகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுகிறேன்.

தொழுகையை விடாதே, வெயிலில் வெறும் வயிற்றோடு வேலை செய்யாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தால் வாப்பா அந்தக் கதையை உனக்கும் சொல்வார். ஓம் வாப்பா, உம்மாதான் காப்பாத்தினா என்று நீயும் சொல்லிப்போடு மகன்.

உன் உம்மா,
சபூறா