டிராமில் முன்வரிசை

சிகாகோ, ஜனவரி 1917

அன்புள்ள அம்மாவுக்கு ஆர்டெல்லாவின் வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று இறைச்சி ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு டிராமில் ஏறினேன். மிசிசிப்பியில் கறுப்பர்களுக்குப் பின்பக்கம்தானே? பழக்க தோஷம், கடைசியில் போய் நின்றேன்.

கண்டக்டர் கத்தினார்: "ஏம்மா, முன்னாடி அவ்வளவு இடம் காலியா கெடக்கு, இங்க நின்னு ஏன் வழிய மறிக்கிற?"

வம்புக்கு இழுக்கிறாரோ என்று பயந்தேன். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரும்மா, விழுந்துடப் போற" என்றாள்.

உட்கார்ந்தேன், அம்மா! தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்குமிடம் வந்தும் எழ மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், பனியில் நடந்தே திரும்பினேன். அதில் லேசாக இருமல், அவ்வளவுதான்.

உன் கம்பளிச் சால்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

ஆலைக்கு நேரமாகிவிட்டது. பாதிரியார் இதை உனக்குப் படித்துக் காட்டும்போது கதவைச் சாத்திக்கொள். வேலையாட்கள் வடக்கே ஓடிப்போகிறார்கள் என்று கொதிக்கும் பண்ணை முதலாளி விசாரித்தால், அங்கே குளிர் தாங்கவில்லையாம் என்று மட்டும் சொல்.

முன்வரிசையில் உட்கார்ந்த உன் மகள்,
ஆர்டெல்லா