பத்து நாடுகளுக்கு ஒரு நாற்காலி

அன்பிற் சிறந்த தங்கைக்கு,

நெஞ்சு நிறைந்த வாழ்த்துகளுடன் அண்ணன் எழுதுவது. இங்கே அம்மாவும் உன் அண்ணியும் நானும் நலம். அங்கே குளிர் எப்படி, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

உன் சென்ற மடல் ஒரு வாரமாக நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பன்னாட்டு வங்கியின் ஆட்சிக்குழுவில் பெரிய நாடுகளுக்குத் தனித்தனி நாற்காலி; நம் நாடு உட்படப் பத்துச் சிறிய நாடுகளுக்கோ சேர்த்து ஒன்றே ஒன்று; அதில் அமரும் இயக்குநர் அண்டை நாட்டுக்காரர்; அவருக்குத்தான் நீ குறிப்பெழுதித் தருகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: "பத்துப் பேரு ஒரு நாற்காலியில எப்படி உக்காருவாங்க? ஒருத்தர் மடியில ஒருத்தரா?" அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

அம்மா நகைப்பிற்குக் கேட்டார். எனக்குள் அது குடைந்துகொண்டே இருக்கிறது. அந்த அறை எப்படி இருக்கும்? யார் முதலில் பேசுவார்? பத்து நாடுகளுக்கும் பத்துக் கருத்து இருந்தால் ஒரே வாய் எதைச் சொல்லும்? வாக்கு தலைக்கு ஒன்றன்று, இட்ட முதலுக்கு ஏற்ப என்கிறாய். தலைக்கொரு வாக்கு என்று மேடைதோறும் முழங்கியவன் நான். சினம் வரவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வியப்பே வந்தது.

இனி ஊர்ச் செய்தி. நம் குடிநீர்த் திட்டத்திற்கு உங்கள் வங்கி கடன் தரப்போகிறது. அதற்கு ஈடாக, செலவுக்கேற்ற வருவாய் இல்லாத நீரேற்று நிலையங்களை மூடச் சொல்கிறது. நம் மேட்டுத் தெரு நிலையமும் அவற்றுள் ஒன்று. அங்கே பொறி இயக்கும் உன் அண்ணியின் வேலை போகும் என்பது சிறிய செய்தி. மேட்டு வீடுகள் எவற்றுக்கும் தண்ணீர் ஏறாது என்பதே பெரிய செய்தி. முழங்கால் இரண்டும் வீங்கிய அம்மா அடிவாரக் குழாய்க்கு இறங்கி ஏறுவதை நீயே எண்ணிப் பார்.

சென்ற திங்களில் வங்கியின் குழுவொன்று மக்கள் கருத்தறிய நகராட்சி மன்றத்திற்கு வந்தது. நான் ஒரு மணி நேர உரையை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அண்ணியோ, நான் முழங்கி முழங்கி ஊருக்கே காது மரத்துவிட்டது, ஒருமுறையாவது வாயை மூடிப் பார்ப்போம் என்று தெருப் பெண்களைக் கூட்டி முடிவெடுத்துவிட்டாள். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவது என் கொள்கையாயிற்றே! மன்றம் கொள்ளாத கூட்டமாய், வாயில் கறுப்புத் துணி கட்டி அமர்ந்தோம். எவரேனும் கருத்துச் சொல்கிறீர்களா என்று குழுத் தலைவியான அம்மையார் மீண்டும் மீண்டும் கேட்டார். ஓர் இருமல்கூட எழவில்லை. என் வாழ்நாளின் மிகச் சிறந்த கூட்டம் இதுவே என்று துணிக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர்கள் அறிக்கை வந்தது. மக்கள் திரளாக வந்திருந்தனர், எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அண்ணி அதை இருமுறை படித்தாள். "நாம வாயைத்தானே கட்டினோம்? அவங்க எதுக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டாங்க?" என்றாள்.

அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்தேன். கெட்டவர் அல்லர். துணி கட்டியது எதிர்ப்பு என்று தமக்கும் புரிந்ததாம். ஆனால் சொல்லப்பட்டதைத்தான் எழுதலாம், சொல்லப்படாததை எழுத அறிக்கையில் இடமில்லையாம். போகட்டும், ஆட்சிக்குழு கூடும்போது எங்கள் நாற்காலி எவ்வளவு நேரம் பேசும் என்று கேட்டேன். கூட்டமே இல்லை என்றார். எதிர்ப்பில்லாத திட்டங்களின் தாள்கள் எல்லா நாற்காலிகளுக்கும் போகும். குறித்த நாளுக்குள் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அனைவரும் ஏற்றதாகப் பொருள். அந்த நாள் இத்திங்களின் இறுதியில் வருகிறது.

நாங்கள் பேசாதது இங்கே இசைவாயிற்று. அவர்கள் பேசாதது அங்கே இசைவாகும். இப்படி ஒரு பேசாமையின்மேல் இன்னொரு பேசாமையை அடுக்கி எத்தனை ஊர்களின் திட்டங்கள் எழுந்திருக்கும் என்று அறிய ஆவலாயிருக்கிறது.

பங்குகளைத் திருத்தவேண்டும், வாக்குகளைத் திருத்தவேண்டும் என்று அங்கே பல்லாண்டாகப் பேசியும் எதுவும் நகரவில்லை என்று எழுதியிருந்தாய். அவை மலைகள். நான் கேட்பது கூழாங்கல். ஏதேனும் ஒரு நாற்காலி, இதைக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம் என்று ஒரே ஒரு வரி அனுப்பினால் போதும், பேசியே ஆகவேண்டும் என்று அம்மையாரே சொன்னார். உங்கள் நாற்காலி அப்படியொரு வரியை எப்போதேனும் அனுப்பியதுண்டா? அனுப்பினால் பெரிய நாற்காலிகள் முகம் சுளிக்குமா? குறிப்பெழுதுபவள் இயக்குநரிடம் தானாகச் சென்று கேட்கலாமா? உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன்.

உன் பணி ஆண்டுதோறும் அவர் கையொப்பத்தால் நீள்வது என்பதை மறந்து எழுதவில்லை. இந்த மடலே வேண்டாம் என்றாள் அண்ணி. "அவ பொழப்புல கை வைக்காதீங்க. என் வேலை போனா நான் வேற பாத்துக்குவேன்." அம்மாவோ, தமக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் போதும் என்கிறார். இருவருக்கும் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே உன் அண்ணனின் வேண்டுகோள் இதுதான். அந்த ஒரு வரியை எழுதி இயக்குநர் மேசையில் வை. வைக்க இயலாதென்றால் விட்டுவிடு. உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் அதை இசைவென்றும் கொள்ளமாட்டேன், மறுப்பென்றும் கொள்ளமாட்டேன். என் தங்கை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றே கொள்வேன்.

எங்கிருப்பினும் தலைநிமிர்ந்து நீடு வாழ்க.

எந்நாளும் உன் பக்கம் நிற்கும்,
அண்ணன்